விளம்பரத்தில சொன்னத உண்மையாவே செய்யிற சாமான் எது? கடையில திரும்பத் திரும்பக் கேக்கிற கேள்விகள்

கொழும்பு வெள்ளவத்தையில காலி வீதிப் பக்கம் ஒரு வீட்டுச் சாமான் கடை, கவுண்டர்ல நிக்கிறது நான். பல்ப், பசை, நுளம்பு மருந்து, சோப்பு, ரைஸ் குக்கர் எல்லாம் இருக்கு. பக்கத்தில ஃபார்மசி இருக்கிறதால அங்க கேக்கக் கூச்சப்படுற கேள்வியும் இஞ்சதான் வந்து விழுது. "இது உண்மையா வேலை செய்யுமா, சும்மா விளம்பரமா?" எண்டதுதான் எல்லாருக்கும் சந்தேகம். ஒரே பதில ஒவ்வொருத்தருக்கும் சொல்லிக் களைச்சுப் போய் இப்ப ஒரேயடியா எழுதி வைக்கிறன். கேள்விகள கேட்டவை கேட்ட மாதிரியே போட்டிருக்கு. மருந்துச் சங்கதி வாற இடத்தில நான் டொக்டர் இல்ல எண்டத ஞாபகம் வைச்சிருங்கோ.

"விளம்பரம் எண்டாலே பொய்தானே தம்பி, ஒண்டாவது சொன்னதச் செய்யுமா?"

செய்யும் அன்ரி, கனக்கச் சாமான் செய்யும். ஆனா ஒழுங்கா வேலை செய்யிற சாமானப் பத்தி ஒருத்தரும் கதைக்கிறேல்ல, பிழைச்சதப் பத்தித்தான் லிஃப்ட்டுக்குள்ளயும் கதைப்பினம். நான் பாக்கிற விதம் இதுதான்: அளந்து பாக்கக்கூடிய ஒரு சின்ன விசயத்தச் சொல்லி விக்கிற சாமான் பெரும்பாலும் அதச் செய்யும். "9 வொட்ல 60 வொட் பல்ப் வெளிச்சம்" எண்டா யாரும் அளக்கலாம், பொய் சொன்னாப் பிடிபடும். "பிள்ளை கெட்டிக்காரனா வருவான்" எண்டத எந்த மீற்றர் வைச்சு அளக்கிறது? பிள்ளை உயரமா பலமா கூர்மையா வளரும் எண்டு சொன்ன ஒரு ஹோர்லிக்ஸ் விளம்பரத்த இங்கிலாந்தில விளம்பரங்களக் கண்காணிக்கிற சபை 2008ல நிப்பாட்டிப் போட்டுது, காட்டின ஆதாரம் காணாது எண்டு.

இன்னொரு சிக்கலும் இருக்கு. பைக்கற்றில எழுதியிருக்கிறது ஒண்டு, நாங்க மனசில நினைச்சு வாங்கிறது வேறொண்டு. கீழ வாற பாதிக் கேள்விக்கு இதுதான் பதில்.

"ரைஸ் குக்கர் தானா ஓஃப் ஆகுதே, உள்ளுக்க டைமர் இருக்கா? சோறு வெந்தது அதுக்கு எப்பிடித் தெரியும்?"

என்னைக் கேட்டா இந்தக் கடையில இருக்கிறதுக்குள்ள ஆக நேர்மையான சாமான் இதுதான். சாதாரண குக்கர்ல டைமரும் இல்ல ஒண்டும் இல்ல. சட்டிக்கு அடியில நடுவில ஸ்பிரிங் போட்ட ஒரு வட்டம் நிக்குது பாருங்கோ, அதுக்குள்ள காந்தம் இருக்கு. சட்டிக்குள்ள தண்ணி இருக்கும் மட்டும் சூடு 100 பாகைக்கு மேல ஏறாது, தண்ணிய அரிசி குடிச்சு முடிஞ்ச உடன ஏறத் தொடங்கும், 100ஐக் கொஞ்சம் தாண்டினதும் அந்தக் காந்தப் பிடி விட்டுப் போகும், ஸ்பிரிங் சுவிச்சத் தட்டி விடும், "டக்" எண்டு சத்தம் வரும். அவ்வளவுதான். அதால அரிசி கூடினாலும் குறைஞ்சாலும் சம்பா போட்டாலும் பசுமதி போட்டாலும் அது சரியாத்தான் நிக்கும், தண்ணி அளவு மட்டும் உங்கட பொறுப்பு.

"முந்தி நல்லா இருந்தது இப்ப அரை வேக்காட்டில நிக்குது" எண்டு கொண்டு வாற குக்கர்கள்ல கனக்க அந்த வட்டத்தில ஒரு பருக்கை ஒட்டிக் காஞ்சு போயிருக்கும், இல்லாட்டிச் சட்டி நெளிஞ்சிருக்கும். துடைச்சிட்டுப் போட்டுப் பாருங்கோ, அதுக்குப் பிறகு ரிப்பேருக்குக் கொண்டு போகலாம். சட்டியின்ர வெளிப்பக்கம் ஈரமா இருக்கேக்க வைக்காதீங்கோ.

"சூப்பர் க்ளூ கையில மட்டும் அப்பிடி ஒட்டுது, உடைஞ்ச வாளியில ஒட்டுதில்லயே அண்ணா?"

கையில ஒட்டினதே அது நல்ல சாமான் எண்டதுக்குச் சாட்சி! இந்தப் பசை இறுகிறதுக்குத் தேவை ஈரப்பதம், கையில வேர்வை இருக்கு, கொழும்புக் காத்தில எப்பவும் ஈரம் இருக்கு, அதால இஞ்ச இன்னும் கெதியா இறுகும். 1942ல ஹரி கூவர் எண்டவரும் அவரோட ஆக்களும் துவக்குக்குக் குறி பாக்கிற கண்ணாடி மாதிரிப் பிளாஸ்ரிக் தேடேக்க இது வந்து சேந்தது, தொட்டதெல்லாம் ஒட்டுது எண்டு வேண்டாம் எண்டு விட்டுட்டினம், பிறகு 1958லதான் பசை எண்டே விக்கத் தொடங்கினது.

வாளி, பேசின், மூடி போட்ட சாப்பாட்டு டப்பா எல்லாம் பொலிஎதிலீன், பொலிபுரொப்பிலீன் வகை. அதில சாதாரண சூப்பர் க்ளூ ஒட்டவே ஒட்டாது. பசை வாற குப்பியே அந்தப் பிளாஸ்ரிக்லதான் செய்யிறது, அதாலதான் உள்ளுக்க ஒட்டாம இருக்கு. பீங்கான், உலோகம், றப்பர், கட்டிப் பிளாஸ்ரிக் எண்டா நல்லா ஒட்டும், ஆனா ரெண்டு துண்டும் இடைவெளி இல்லாம பொருந்தோணும், ஒரு துளி காணும். கனக்க ஊத்தினா இன்னும் பலம் எண்டு நினைச்சு முழு ரியூப்பையும் பிதுக்கினா இறுக நேரம்தான் எடுக்கும், பிடியும் குறையும்.

"கையில ஒட்டினா என்ன செய்யிறது?"

இழுக்காதீங்கோ. இளஞ்சூட்டுத் தண்ணியில சோப்புப் போட்டு ஊற வைச்சு மெல்ல உருட்டி எடுங்கோ, அசற்றோன் இருக்கிற நெயில் பொலிஷ் ரிமூவரும் கரைக்கும். பஞ்சாலயோ பருத்தித் துணியாலயோ துடைக்க மட்டும் வேண்டாம், இந்தப் பசை பருத்தியில பட்டா சூடாகும், தோல் சுடுற அளவுக்கும் போகும். கண்ணில பட்டா வீட்டில ஒண்டும் பரீட்சிச்சுப் பாக்காம கண் ஆஸ்பத்திரிக்குப் போங்கோ.

"டபிள்யூடி-40 அடிச்சன், கதவு கொஞ்ச நாள்ல திரும்பக் கிரீச் எண்டுது. டூப்ளிகேட் சாமானா தந்தீங்கள்?"

இல்ல அங்கிள், ஒறிஜினல்தான். அந்தப் பேரையே பாருங்கோ, தண்ணிய விலத்திறதுக்காக 1953ல அமெரிக்காவில சான் டியேகோவில ஒரு சின்னக் கொம்பனி கலந்து பாத்து, 40ஆவது கலவை சரி வந்ததாலதான் அந்த நம்பர். ரொக்கட்டின்ர வெளித்தகடு துருப்பிடிக்காம இருக்கச் செய்த சாமான் அது. இறுகின ஆணி, துருப்பிடிச்ச பூட்டு, ஈரம் பட்ட பிளக், ஸ்ரிக்கர் பசை எல்லாத்துக்கும் சொன்னதச் செய்யும். கிரீச் சத்தமும் அந்த நேரம் நிக்கும். ஆனா அதில இருக்கிற எண்ணெய் மெல்லிசு, கனநாள் நிக்காது. அதால துருவக் கழட்டிறதுக்கு இத அடிச்சுத் துடைச்சுப் போட்டு, பிறகு கீலுக்குக் கொஞ்சம் கிறீஸ் வையுங்கோ.

மரீன் டிரைவ் பக்கம் வீடு எண்டா இது இன்னும் முக்கியம், கடல் உப்புக் காத்துக்கு ஜன்னல் கொளுக்கி ஒரு மழைக்காலத்திலயே சிவந்து போகும்.

"நுளம்புக் கொயில், கிறீம், பிளக் பண்ணிற மெசின், எது உண்மையா வேலை செய்யுது?"

பூசிற கிறீம் வாங்கிறீங்கள் எண்டா பின்னால என்ன மருந்து எழுதியிருக்கு எண்டு பாருங்கோ. டீட் எண்டு இருந்தா நம்பி வாங்கலாம், 1946ல அமெரிக்க ஆமிக்காகச் செய்து 1957ல இருந்து பொதுசனம் பாவிக்குது, இத்தின வருசமா ஓரளவுக்கு இதுக்குப் பக்கத்தில வந்தது பிகாரிடின் மாதிரிச் சிலதுதான். டீட் வீதம் கூடினா நுளம்பு கூடப் பயப்படும் எண்டு இல்ல, கூட நேரம் நிக்கும் எண்டுதான் கருத்து. 20% எண்டா ஒரு நாலு மணித்தியாலம் மட்டில பிடிக்கும். செற்றணெல்லா எண்ணெயும் வேலை செய்யும், ஆனா கொஞ்ச நேரம்தான், திரும்பத் திரும்பப் பூசோணும். ரெண்டு மாசத்துக்குக் குறைஞ்ச பிள்ளைக்கு டீட் பூசக் கூடாது, நெற் போடுங்கோ.

கொயிலும் பிளக் பண்ணிற மருந்துக் குப்பியும் நுளம்பக் குறைக்கும், கொயில் எண்டா புகையும் சேத்துத்தான். காதுக்குக் கேக்காத சத்தம் போட்டு நுளம்பு கலைக்கிற மெசின் இருக்கே, அத நான் விக்கிறேல்ல. 10 கள ஆய்வுகளச் சேத்துப் பாத்து கொக்ரேன் எண்ட மருத்துவ ஆய்வு அமைப்பு 2007ல வெளியிட்ட ஆய்வில அதால கடி குறைஞ்சதா ஒரு ஆதாரமும் கிடைக்கேல்ல.

"இரவில கொயில் கொளுத்திறம், நெற் போடுறம், பிறகும் எப்பிடி டெங்கு வந்தது?"

டெங்கு பரப்பிற நுளம்பு பகல்ல கடிக்கிறது, காலமை விடிஞ்ச பிறகும் பின்னேரம் இருட்ட முதலும்தான் அதுக்கு விருப்பமான நேரம். நீங்க கொயில் கொளுத்தேக்க அது சாப்பிட்டு முடிச்சிருக்கும். 2017ல இலங்கை முழுக்க 1,86,000க்கு மேல டெங்குக் கேஸ் பதிவானது ஞாபகம் இருக்கும், கொழும்புதான் முன்னுக்கு. பள்ளிக்கூடம் போற பிள்ளைக்குக் காலமை கால்ல கையில பூசி அனுப்புங்கோ, மேல சொன்ன கிறீம்தான். பூச்சாடித் தட்டு, ஃபிரிட்ஜுக்குப் பின்னால தண்ணி நிக்கிற தட்டு, ஏசித் தண்ணி விழுற வாளி, இதுகள ஊத்திக் கழுவ ஒரு கிறீமும் வராது.

"பனடோல் எக்ஸ்ட்ராவில என்ன எக்ஸ்ட்ரா? சாதாரணத்த விடக் காய்ச்சல் கெதியா விடுமா?"

ரெண்டிலயும் பரசிற்றமோல் 500 மில்லிகிராம்தான். எக்ஸ்ட்ராவில 65 மில்லிகிராம் கஃபீன் சேந்திருக்கு, அது தலையிடி மாதிரி நோவுக்குக் கொஞ்சம் தூக்கிக் குடுக்கும், காய்ச்சலுக்கு எண்டா சாதாரணமே காணும். இரவில எக்ஸ்ட்ரா போட்டுட்டு நித்திரை வருதில்ல எண்டு சொல்றவைக்கு இப்ப விளங்கியிருக்கும்.

பெரிய ஆக்களுக்கு 24 மணித்தியாலத்துக்கு 8 குளிசைக்கு மேல இல்ல, ஒவ்வொரு முறைக்கும் இடையில குறைஞ்சது 4 மணித்தியாலம். தடிமன் குளிசை கனக்கத்திலயும் பரசிற்றமோல் இருக்கு, ரெண்டையும் சேத்துப் போட்டா கணக்கு மீறிப் போகும். டெங்குச் சந்தேகம் இருக்கிற காய்ச்சலுக்கு இபுபுரோஃபன், அஸ்பிரின், டைக்ளோஃபெனக் ஒண்டும் போடாதீங்கோ, இரத்தம் கசியிற ஆபத்து இருக்கு. பரசிற்றமோல் மட்டும், பிறகு டொக்டரட்டப் போங்கோ.

"ஜீவனி குடுத்தும் வயித்தோட்டம் நிக்கேல்ல, அது வேலை செய்யாதா?"

ஜீவனி எண்டது தண்ணியில கரைச்சுக் குடிக்கிற உப்பு, சீனித் தூள், அது வயித்தோட்டத்த நிப்பாட்டும் எண்டு பைக்கற்றில ஒரு இடத்திலயும் இல்ல! முதல் பதில்ல சொன்ன கதைதான். போற தண்ணியையும் உப்பையும் திருப்பிக் குடுக்கிறதுதான் ஜீவனியின்ர வேலை, அத வைச்சுத்தான் உலகத்தில எத்தினையோ லட்சம் பிள்ளையள் தப்பிச்சிருக்கு. குடல்ல சோடியமும் குளுக்கோசும் சோடியாப் போகேக்க தண்ணியும் கூடவே உள்ளுக்க போகும், அதாலதான் அதில சீனியும் உப்பும் அந்த அளவில இருக்கு. உலக சுகாதார நிறுவனம் சொல்ற அளவு ஒரு லீட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், மிச்சம் பொட்டாசியம் குளோரைட்டும் சிற்றேற்றும். 1978ல லான்செற் மருத்துவச் சஞ்சிகை அந்த நூற்றாண்டின்ர மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமா இது இருக்கக்கூடும் எண்டு எழுதினது, ஒரு சின்னப் பைக்கற்றுக்கு!

பிழை விடுறது கலக்கிறதிலதான். பிள்ளை குடிக்காது எண்டு அரைக் கப்பில பாதிப் பைக்கற்ற கொட்டிக் குடுக்கிறது, அப்ப உப்புக் கூடி நிலமை மோசமாகும். பைக்கற்றில எத்தின லீட்டர் எண்டு இருக்கோ அத்தின லீட்டர் கொதிச்சு ஆறின தண்ணியில முழுசாக் கலக்கோணும், 24 மணித்தியாலத்துக்குப் பிறகு மிச்சத்த ஊத்தோணும், பால் ஜூஸ் ஒண்டிலயும் கலக்கப்படாது. இரத்தம் போனாலோ பிள்ளை சோந்து போனாலோ ஆஸ்பத்திரிதான்.

"கராம்பு போட்ட பேஸ்ட்டா, கரிப் பேஸ்ட்டா, வெள்ளையாக்கிற பேஸ்ட்டா, எது நல்லம்?"

புளோரைட் இருக்கிற எதுவும். பெட்டியில 1000ல இருந்து 1500 பிபிஎம் எண்டு போட்டிருந்தா சூத்தை குறையும் எண்ட பேச்சு உண்மை, பல் சாமான்களுக்குள்ள இத விட நல்லா நிரூபிச்ச ஒண்டு இல்ல. கராம்பு நல்ல வாசம், நோவையும் கொஞ்சம் மரத்துப் போகச் செய்யும், ஆனா சூத்தையத் தடுக்கிறது அதுக்குள்ள இருக்கிற புளோரைட்தான். வெள்ளையாக்கிறது எண்டா தேத்தண்ணிக் கறை, வெத்திலைக் கறையத் தேய்ச்சு எடுக்கும், பல்லின்ர சொந்த நிறம் அப்பிடியேதான். கரிப் பேஸ்ட்ல புளோரைட் இல்லாததும் கனக்க இருக்கு, பாத்து வாங்குங்கோ. 3 வயசுக்குக் குறைஞ்ச பிள்ளைக்கு ஒரு அரிசி அளவு பேஸ்ட் காணும். துப்பின பிறகு கன தண்ணி விட்டுக் கொப்பளிக்காதீங்கோ, புளோரைட் கழுவுப்பட்டுப் போகும்.

"99.9% கிருமி சாகும் எண்டு போட்டிருக்கே, மற்றச் சோப்பு எல்லாம் சும்மாவா?"

99.9 எண்டது ஆய்வுகூடத்தில, குறிச்ச சில கிருமிக்கு, குறிச்ச நேரம் வைச்சு அளந்தது, பொய் இல்ல. பத்து லட்சம் இருந்தா ஆயிரம் மிஞ்சும் எண்டதும் அதே கணக்குத்தான். ஆனா சாதாரண சோப்பு இதுக்குக் குறைஞ்சது எண்டு நினைக்க வேண்டாம். ட்ரைக்ளோசான் உட்பட 19 கிருமிநாசினிச் சரக்குகளப் போட்டுக் கை கழுவிற சோப்பு விக்கக் கூடாது எண்டு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2016ல முடிவெடுத்தது, சாதாரண சோப்பையும் தண்ணியையும் விட நல்லம் எண்டதுக்குக் கொம்பனிகள் ஆதாரம் தரேல்ல எண்டதாலதான். 20 செக்கன் தேய்ச்சுக் கழுவினா உடுப்புத் தோய்க்கிற சோப்பும் காணும்.

"எல்இடி பல்ப் 25,000 மணித்தியாலம் எண்டு போட்டிருக்கு, எங்கட வீட்டில வருசத்துக்கு ஒண்டு போகுது. இது சுத்தப் பொய்தானே?"

இதில ரெண்டு பேச்சு இருக்கு, ஒண்டு முழு உண்மை. கரண்ட் மிச்சம் எண்டது அப்பட்டமான உண்மை: 60 வொட் குண்டு பல்ப் ஒரு நாளைக்கு 5 மணித்தியாலம் எரிஞ்சா மாசத்துக்கு 9 யுனிற், அதே அளவு வெளிச்சம் தாற 9 வொட் எல்இடி எண்டா 1.35 யுனிற்தான். யுனிற் கூடக் கூட விலை ஏறுற எங்கட பில்லில இது நல்லாத் தெரியும்.

25,000 மணித்தியாலத்தக் கணக்குப் பாத்தா நாளைக்கு 5 மணித்தியாலப்படி 13 வருசத்துக்கு மேல. வெளிச்சம் தாற சில்லு அவ்வளவு நாள் இருக்கும், அதுவும் கடைசியில புதுசில இருந்த வெளிச்சத்தில 70% மட்டில வந்து நிக்கும் எண்டுதான் வழமையாக் கணக்கு. ஆனா அதுக்குப் பின்னால கரண்ட மாத்திக் குடுக்கிற சின்ன சேர்க்கிட் இருக்கு, அது சூட்டுக்கும் வோல்ற்றேஜ் ஏறி இறங்கிறதுக்கும் செத்துப் போகும். கண்ணாடிக் கோப்பை மூடின லைட்டுக்குள்ள போட்டா சூடு வெளிய போக வழி இல்ல, அங்கதான் வருசத்துக்கு ஒண்டு போறது. திறந்த ஹோல்டர்ல போட்டுப் பாருங்கோ. நான் எண்டா மணித்தியாலக் கணக்கப் பாக்கிறேல்ல, எத்தின வருசம் வொறண்டி எண்டுதான் பாப்பன், கொம்பனிக்காரன் தன்ர சாமான எவ்வளவு நம்புறான் எண்டு அதில தெரியும். பில்லப் பல்ப் பெட்டிக்குள்ளயே போட்டு வையுங்கோ.

"இன்வேர்ட்டர் ஏசி போட்டும் பில் குறையேல்ல."

எவ்வளவு நேரம் போடுறீங்கள்? அறை குளிர்ந்த பிறகு மோட்டர் நிண்டு நிண்டு ஓடாம மெதுவா ஓடும், மிச்சம் பிடிக்கிறது அந்த நேரத்திலதான். இரவு முழுக்கப் போடுற வீட்டுக்கு நல்ல லாபம். அரை மணித்தியாலம் 18ல போட்டுட்டு நிப்பாட்டிறவைக்கு அது முழு வேகத்திலதான் ஓடி முடிஞ்சிருக்கும், கூடக் குடுத்த காசு வராது. 26ல விட்டு ஃபேனையும் போடுங்கோ.

"கறிக் கறை ஒரே கழுவில போகும் எண்டாங்கள், தேய்க்கத் தேய்க்கச் சிவப்பாகுது!"

அது மஞ்சள் தங்கச்சி, பயப்பிடாதீங்கோ. மஞ்சள் காரம் பட்டாச் சிவக்கும், சோப்புக் காரம், கழுவி அலசினா திரும்ப மஞ்சளாகும். என்சைம் போட்ட பவுடர் கறியில இருக்கிற எண்ணெயையும் பருப்பு, இறைச்சி, முட்டைக் கறையையும் உண்மையாவே எடுக்கும், கொதி தண்ணி ஊத்தினா என்சைம் செத்துப் போகும், அதால இளஞ்சூட்டில அரை மணித்தியாலம் ஊற விடுங்கோ. மிஞ்சிற மஞ்சளுக்கு வெயில்தான் மருந்து, மஞ்சள் நிறம் வெளிச்சத்தில உடைஞ்சு போகும், ஈரத்தோட நேர் வெயில்ல காயப் போடுங்கோ. ஃப்ளாட்ல உள்ளுக்க காயப் போடுறவைக்குக் கறை போகாததுக்கு பவுடர் குற்றவாளி இல்ல.

"கொலஸ்ட்ரோல் இல்லாத தேங்காயெண்ணெய் எண்டு கூட விலைக்கு விக்கிறாங்கள், வாங்கலாமா?"

உண்மையச் சொல்லியே ஏமாத்திறது எண்டா இதுதான். கொலஸ்ட்ரோல் மிருகங்களில இருந்து வாற சாப்பாட்டிலதான் இருக்கு, தேங்காயில எப்பவுமே இல்ல, மற்றப் போத்தல்லயும் இல்ல, செக்கில ஆட்டி லேபல் இல்லாம விக்கிறதிலயும் இல்ல. ஆனா தேங்காயெண்ணெயில 80%க்கு மேல நிறைவுற்ற கொழுப்பு, உடம்பில கொலஸ்ட்ரோலக் கூட்டிறது அது. வாசத்துக்கு வாங்குங்கோ, அந்த வசனத்துக்குக் காசு குடுக்க வேண்டாம்.

மென்பானத்தில இதுக்கு மாறா ஒரு நல்ல வேலை நடந்திருக்கு. 2016ல இருந்து இஞ்ச போத்தல்ல சீனிக்கு நிறம் போடோணும்: 100 மில்லிலீட்டருக்கு 11 கிராமுக்கு மேல எண்டா சிவப்பு, 2க்குக் குறைய எண்டா பச்சை, இடையில எண்டா செம்மஞ்சள். முன்னால பழப் படம் எவ்வளவு பெரிசா இருந்தாலும் அந்த வட்டத்தப் பாருங்கோ.

"நீங்களே கடைக்காரன், உங்களுக்கு எதில லாபமோ அதத்தானே நல்லம் எண்டுவீங்கள்?"

நியாயமான கேள்வி. லாபம் கூட வாறது பேர் தெரியாத பல்ப்லயும் அந்த சத்தம் போடுற நுளம்பு மெசின்லயும்தான், ஜீவனிப் பைக்கற்றில, சாதாரண சோப்பில ஒண்டும் பெரிசா இல்ல. மேல எத நல்லம் எண்டன், எத வேண்டாம் எண்டன் எண்டு திரும்ப ஒருக்கா பாத்துட்டு நீங்களே முடிவெடுங்கோ.

"சொன்னதச் செய்யாத சாமான ஆரட்டச் சொல்றது?"

முதல்ல வாங்கின கடையில பில்லோட. பில் இல்லாட்டி ஒண்டும் நடக்காது, புறக்கோட்டையில துண்டுக் கடதாசியில கணக்குப் போட்டுத் தந்தாலும் கடைப் பேரும் திகதியும் எழுதிக் கேளுங்கோ. கடை கேக்காட்டி நுகர்வோர் அதிகார சபைக்கு 1977 அடியுங்கோ. பெட்டியையும் விளம்பரப் படத்தையும் எறிய வேண்டாம், என்ன சொல்லி வித்தினம் எண்டதுக்கு அதுதான் ஆதாரம். பிளக், வயர், சுவிச் மாதிரிச் சாமானில எஸ்எல்எஸ் எண்ட இலங்கைத் தர முத்திரைய வாங்கேக்கயே பாருங்கோ, எரிஞ்ச பிறகு பாத்துப் பிரயோசனம் இல்ல.